அவர் எடுத்துவிட்ட பெயர்

அருள்தாஸ் சார் இறந்த செய்தி எங்கள் பழைய ஷிஃப்ட் வாட்ஸ்அப் குழுவில் வந்தபோது நான் கடையில் ரொட்டி சானாய்க்குக் காத்திருந்தேன். சாப்பிட்டு முடிப்பதற்குள் புகழுரைகள் குவிந்துவிட்டன. தனக்கும் குமாருக்கும் அவர்தான் எல்லாம் கற்றுக்கொடுத்தார் என்று மணியம் ஆங்கிலத்தில் எழுதியிருந்தார். அதில் 'குமார் அண்ட் மீ' என்று வரவேண்டிய இடத்தில் 'குமார் அண்ட் ஐ' என்று இருந்தது. 'மீ' என்று எழுதினாலே மானம் போகும் என்று பயந்து, எங்களில் பாதிப் பேர் எங்கும் 'ஐ' போடத் தொடங்கியது சாரால்தான்.

செத்தவரைப் பற்றி நல்லதே பேச வேண்டும் என்பீர்கள். எனக்கு வரவில்லை.

பாசிர் கூடாங்கில் எங்கள் பிளாஸ்டிக் ஆலையில் அவர் ஷிஃப்ட் சூப்பர்வைசர். எந்த ரிப்போர்ட்டும் அவருடைய சிவப்புப் பேனாவைத் தாண்டித்தான் ஆபீசுக்குப் போகும். தப்பைச் சுற்றி வட்டம் போட்ட தாளை மறுநாள் ஆலை பஸ்ஸில் உரக்கப் படிப்பார். "மேகலா அண்ட் மீ வென்ட்டாம். மீ வென்ட்டுன்னு சொல்லுவியா? மத்தவங்க பேர எடுத்துட்டுப் படிச்சுப் பாரு லா. எது சரின்னு தானா தெரியும்." பஸ்ஸே சிரிக்கும். என் தாள் வந்த நாட்களில் நானும் சேர்ந்து சிரித்தேன்.

ஒரு காலை ஷிஃப்டில், லேப் முடிவு வராத சரக்கை லாரியில் ஏற்றச் சொன்னார். "இன்னும் ரிசல்ட் வரல சார்," என்றேன். "நான் பாத்துக்கிறேன், ஏத்து," என்றார். ஏற்றினேன். சரக்கு திரும்பி வந்தது. அப்போது நான் சூப்பர்வைசர் பதவிக்கு நேர்முகம் முடித்துக் காத்திருந்தேன்.

ஆபீஸ் விளக்கம் கேட்டது. அருள்தாஸ் சாரும் நானும் சேர்ந்து அனுப்பினோம் என்று ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தேன். வழக்கம்போல் 'மீ' போட்டிருந்தேன். சார் அதைத் திருத்தி, டைப் செய்து தந்தார். நான் தேடியது ஒன்றைத்தான்: 'ஐ' சரியாக இருக்கிறதா? இருந்தது. வட்டமே இல்லாத என் முதல் தாள். பெருமையோடு கையெழுத்துப் போட்டேன்.

அதில் அவர் பெயர் இல்லை. நான் அனுப்பினேன் என்று மட்டும் இருந்தது. பதவி கிடைக்காமல் போனது, என்னைக் கிடங்குக்கு மாற்றினார்கள். போய்க் கேட்டேன். கண்ணாடியைத் துடைத்தபடியே, "இங்கிலீஷ்ல தப்பு ஒண்ணும் இல்லையேம்மா," என்றார். அந்தக் குரலை நான் மன்னிக்கவில்லை. அவரைச் சவப்பெட்டியில் பார்த்தபோதும் மன்னிக்கவில்லை.

துக்க வீட்டு வாசலில் இரங்கல் நோட்டு வைத்திருந்தார்கள். கூட வந்த பழைய ஷிஃப்ட் தோழி பிலோமினா, "நம்ம ரெண்டு பேருக்கும் சேத்து நீங்களே எழுதிடுங்கக்கா," என்றாள். பிலோமினாவுக்கும் எனக்கும் அவர் கற்றுக்கொடுத்தார் என்று ஆங்கிலத்தில்தான் எழுதினேன். பிலோமினாவின் பெயரை விரலால் மறைத்துப் படித்துப் பார்த்தேன். 'மீ'தான் சரி. விரலை எடுத்தேன். அவள் பெயர் அங்கேயே இருந்தது.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த விதிதான், அது நல்ல விதி. ஆனால் எடுத்துப் பார்த்த பெயரைத் திரும்ப வைக்க வேண்டும். அந்தப் பாதியை நான் அவரிடம் கற்கவில்லை.