வராதே என்று எழுதிய கடிதம்

அக்கா கிழித்த கோட்டைத் தாண்டாதவன் அவன். பெற்றவர்கள் போன பிறகு, அவனுடைய எட்டு வயதிலிருந்து அவள்தான் துணி தைத்துத் தம்பியை வளர்த்தாள். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் மெஷின் பக்கத்தில் உட்கார்ந்து பொத்தான் தைப்பான். அந்தக் கைப்பழக்கம் ராணுவத்தில் நன்றாகவே உதவியது. மருத்துவப் பிரிவில் சேர்ந்த ஆறாம் மாதமே, காயத்துக்குத் தையல் போட பெரிய டாக்டர் அவனைத்தான் தேடுவாராம். கூட்டாளிகள் 'டெய்லர்' என்று பட்டப்பெயர் வைத்துவிட்டார்கள். அவனும் சளைக்காமல், "அளவு எடுக்கணும், ஆடாம இருங்கண்ணே" என்பான். அடிபட்டவனுக்கும் சிரிப்பு வந்துவிடும்.

மருத்துவப் பிரிவில் சேரச் சொன்னதும் அக்காதான். துப்பாக்கி தூக்கினால்தானே ஆபத்து என்பது அவள் நினைப்பு. சண்டை ஒருவழியாக முடிந்தது, அவன் உடம்பில் ஒரு கீறல் இல்லை. பத்து நாள் லீவு கிடைத்திருக்கிறது, வருகிறேன் என்று எழுதினான்.

அந்த வாரம் பார்த்துத்தானா அவள் தெருவில் விஷக்காய்ச்சல் புக வேண்டும்? எதிர்வீட்டில் மூன்றே நாளில் இரண்டு பேர் போய்ச் சேர்ந்தார்கள். அவள் யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை, உடனே கடிதம் போட்டாள். 'இங்கே வராதே. அங்கே டாக்டர் இருக்கிறார், மருந்து இருக்கிறது. காய்ச்சல் அடங்கட்டும், நானே சொல்கிறேன்.' ராணுவ முகாமுக்குள் காய்ச்சல் அனுமதி கேட்டுக்கொண்டா நுழையும்? பயந்தவளுக்கு அதெல்லாம் எங்கே தோன்றுகிறது.

அக்கா சொன்னால் அவனுக்கு மறுபேச்சு ஏது. லீவைத் தன்னோடு வேலை பார்த்தவனுக்கு விட்டுக்கொடுத்துவிட்டு வார்டுக்குத் திரும்பினான். ஒரு வாரத்தில், நாற்பது பேர் படுக்கும் கூடத்தில் நூறு பேர் கிடந்தார்கள். ஐந்து நாள் ஓய்வே இல்லாமல் உடம்பு துடைத்துவிட்டான், தண்ணீர் புகட்டினான். ஆறாம் நாள் அவனே படுத்தான். படுத்த மூன்றாவது நாள் எல்லாம் முடிந்துவிட்டது. வயது இருபத்து மூன்று. அதற்குள் அவள் தெருவில் காய்ச்சல் அடங்கிப்போய், எதிர்வீட்டுக்காரர்கள்கூட தங்கள் கடையைத் திறந்துவிட்டார்கள்.

ஒரு மாதம் கழித்து, அந்த லீவில் போனவன் அவனுடைய பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தான்.

"வார்டுல நான்தாங்க்கா இருந்திருக்கணும். உங்க லெட்டர் வந்ததாலதான் நான் ஊருக்குப் போனேன். எங்கம்மா உங்களைக் கையெடுத்துக் கும்பிட்டதா சொல்லச் சொன்னாங்க."

நல்ல பிள்ளைதான், மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ளாமல் சொல்கிறான். அவனை வெளியே தள்ளிக் கதவைச் சாத்த வேண்டும்போல் இருந்தது அவளுக்கு. அப்படித் தோன்றியதற்கு வெட்கமாகவும் இருந்தது.

"லெட்டரைப் படிச்சுட்டு அவன் என்ன சொன்னான்?"

வந்தவன் தயங்கினான். "கட்டி வச்ச பையைப் பிரிச்சு துணியெல்லாம் எடுத்து வச்சான். அப்புறம், 'நம்ம வார்டுலயும் மூணு பேருக்கு வந்தாச்சு. அதை எழுதினா அக்கா தூங்க மாட்டா, அவளுக்குத் தெரிய வேணாம்'னான்."

தெரிந்திருந்தால், ஓடி வாடா என்று அன்றைக்கே எழுதியிருப்பாள்.