சிப்பியைத் திருப்பிப் போட்டவர்கள்

கண்காட்சிக்கு முந்தின நாள் மத்தியானம், காசிமேட்டில் நான் வேலை பார்த்த ஃபைபர் படகுப் பட்டறைக்கு ஒரு புரொபசர் காரில் வந்து இறங்கி, "அதைத் திருப்பி மாட்டு" என்றார். இப்போது நினைத்தாலும் உடம்பு எரிகிறது. ஏன் என்று சொல்ல ஸ்டெல்லாவிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

ஸ்டெல்லா ராயபுரத்துப் பெண். அவள் அப்பா துறைமுகத்தில் வின்ச் ஓட்டியவர், என் பழைய தோஸ்து. மனுசன் சீட்டாட்டத்தில் மட்டும் மோசம், அது வேறு கதை. மகள் படித்து நட்சத்திர ஆராய்ச்சிக்குப் போனாள். தான் கண்டுபிடித்ததை நம் ஜனங்களுக்குக் காட்ட ஒரு மாடல் வேண்டும், திருவொற்றியூர் பள்ளிக்கூடத்தில் கண்காட்சி என்று எங்களிடம் வந்தாள்.

"சூசை மாமா, ரெண்டு நட்சத்திரம் ஒண்ண ஒண்ணு சுத்திகினு கீது. ஒண்ணு பல்சர். செத்துப்போன நட்சத்திரம். நம்ம மெட்ராஸ் அகலந்தான். ஆனா செகண்டுக்கு நூத்துக்கணக்கான தபா சுத்தும்."

"செத்தது எப்டிம்மா சுத்தும்?"

"பக்கத்துல கீற தொணை நட்சத்திரத்தத் தின்னு தின்னு வேகம் புடிச்சிகிச்சு. இப்ப அதையே ஊதித் தள்ளுது."

"நம்ம மொதலாளி மாரி" என்றேன். முதலாளி குணா பக்கத்திலேயே நின்றான். அவள் சிரித்துவிட்டாள்.

பல்சரிலிருந்து ஒரு காற்று, துணையிலிருந்து ஒரு காற்று. இரண்டும் மோதுகிற இடத்தில் அதிர்ச்சி அலை. அங்கேயிருந்துதான் எக்ஸ்ரே கொட்டுகிறது என்றாள். அந்த அலை சிப்பி மாதிரி வளைந்திருக்குமாம். எனக்குச் சட்டென்று எண்ணூர் முகத்துவாரம் ஞாபகம் வந்தது, அவளிடம் சொன்னேன். மழைக்காலத்தில் ஆறு தள்ளும், கலங்கல் கோடு கடலுக்குள் வளையும். கோடையில் கடல் தள்ளும், கோடு ஆற்றுக்குள் வளையும். பலமில்லாத பக்கமாகத்தான் கோடு வளையும். தண்ணீர் தண்ணீராக இருந்த காலத்தில் பார்த்தது. இப்போது அங்கே ஓடுகிற சாம்பலையும் எண்ணெயையும் பற்றிப் பேச ஆரம்பித்தால் வாயில் கெட்ட வார்த்தைதான் வரும்.

"அதேதான் மாமா! பல்சர் காத்துதான் ஜெயிக்கும்னு தோணும். நான் பாத்த ஜோடில தொணை ஜெயிக்குது. சிப்பி பல்சரத்தான் மூடிகினு கீது."

"அம்மாந்தொலவுல கீறது ஒனக்கு எப்டித் தெரியும்?"

"பல்சர் நமக்கும் தொணைக்கும் நடுவுல வர்றப்போ எக்ஸ்ரே ஏறுது. சிப்பியோட வாய் நம்ம பக்கம் தொறந்திருந்தாத்தான் அப்டி வரும்."

அவள் படிப்பு மொத்தமும் அந்த ஒரு வளைவில்தான் நின்றது.

எங்கள் பட்டறையில் ஒரு வழக்கம். ஆர்டர் கொடுத்தவர் மோல்ட் அச்சின் மேல் முதல் ரெசின் பசையைத் தன் கையால் பூச வேண்டும். அதற்கப்புறம் அவர் வாயால் சொன்னால்தான் அளவு மாறும். கூடப் பிறந்தவன் வந்து சொன்னாலும் மாறாது. ஸ்டெல்லா பிரஷ்ஷை வாங்கிப் பூசினாள். துப்பட்டாவில் ரெசின் சொட்டி விறைத்துப் போனது. கலர் போடாமல், வெளிச்சம் ஊடுருவுகிற மாதிரி சிப்பியை வார்த்து, பல்சருக்கு வைத்த நீல லைட்டை மூடுகிற மாதிரி மாட்டினேன். இரண்டு நட்சத்திரமும் சுற்ற அடியில் ஒரு மோட்டார்.

அதைத்தான் காரில் வந்த அந்த ஆள் திருப்பச் சொன்னார். அவளுடைய டிபார்ட்மெண்ட் ஹெட்.

"பல்சர்தான்யா ஹீரோ. அதை மூடி வச்சா சீஃப் கெஸ்ட் எதைப் பார்ப்பார்? சிப்பியை அந்தப் பக்கம் மாட்டு."

"அந்தப் பொண்ணு குடுத்த அளவு சார். அது வந்து சொல்லட்டும்."

"அவளுக்கே நான்தான் ஹெட்."

"அது கண்டுபுடிச்சதே பொய்யா பூடுமே சார்."

அவர் சிரித்தார். "வர்றவங்க யாரு? மீன் விக்கிறவங்க, லாரி ஓட்டுறவங்க. எது எந்தப் பக்கம் இருந்தா இவங்களுக்கு என்னய்யா தெரியப் போகுது?"

என் பெண்டாட்டி கூடை தூக்கி மீன் விற்றவள். "வாய அளந்து பேசுய்யா!" என்று கத்திவிட்டேன்.

குணா நடுவில் வந்தான். "நைனா, கம்முனு இரு. நாலு போல்ட்டு மேட்டரு. பேஜாரு பண்ணாத."

"அந்தப் பொண்ணு ரெசின் பூசுறப்போ நீயுந்தானடா நின்ன?"

குணாவே ஸ்பானரை எடுத்துத் திருப்பி மாட்டினான். புரொபசர் பக்கத்தில் நின்று பேப்பருக்குப் போட்டோ எடுத்துக்கொண்டார். நான் ஸ்டெல்லாவுக்குப் போன் போட்டேன். அவள் பஸ் பிடித்து வருவதற்குள் மாடலை வேனில் ஏற்றிக் கொண்டுபோய்ப் பள்ளிக்கூட ஹாலில் வைத்துப் பூட்டிவிட்டார்கள்.

அவள் அழவில்லை. "நாளைக்கு ஸ்பானரோட வா மாமா" என்றாள்.

மறுநாள் ஹால் நிறைய நம் ஜனம். அவள் அப்பா இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் முன்னால் உட்கார்ந்திருந்தார். புரொபசர் மைக்கைப் பிடித்ததும் ஸ்டெல்லா எழுந்துபோய் மோட்டாரை நிறுத்தினாள்.

"ஒரு நிமிஷம். இது தப்பா நிக்குது. நான் பாத்தது இப்படி இல்ல."

"ஸ்டெல்லா, சீன் பண்ணாத" என்று அவர் பல்லைக் கடித்தார். மைக் அதையும் ஊருக்குச் சொல்லிவிட்டது.

மார்க்கெட்டில் இறால் விற்கிற மேரி எழுந்தாள். "யாரும்மா மாத்துனது?"

ஸ்டெல்லா புரொபசர் பக்கம் கையை நீட்டிக் காட்டினாள்.

"ஏன்யா, பாத்தது அந்தப் பொண்ணு. நீ எதுக்குய்யா மாத்துன?"

அத்தனை படித்த மனுசன் மைக்கை வைத்துவிட்டுப் போய் உட்கார்ந்தார். நானும் ஸ்டெல்லாவுமாக நாலு போல்ட்டையும் கழற்றி, சிப்பியைப் பல்சர் பக்கம் மாட்டினோம். அவள் மோட்டாரைப் போட்டு, இரண்டு காற்றும் மோதுகிற கதையைச் சொன்னாள். ஒருத்தரும் எழுந்து போகவில்லை.

கொஞ்ச நாளில் அவளுக்கு டிபார்ட்மெண்டில் வேலை இல்லை என்று சொல்லிவிட்டார்கள். நடத்தை சரியில்லையாம். இப்போது பெரம்பூரில் டியூஷன் எடுத்துக்கொண்டே வேறு இடம் தேடுகிறாள். அந்த ஆள் அதே நாற்காலியில்தான் இருக்கிறார். பேப்பரில் வந்ததும் முந்தின நாள் எடுத்த போட்டோதான். குணா அதை ஃபிரேம் போட்டு மாட்டினான். அன்றோடு நான் அவன் பட்டறையை விட்டேன்.

தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். ஆர்டர் கொடுத்தவர் இல்லாதபோது அளவை மாற்றச் சொல்லி எவன் வந்தாலும் ஸ்பானரை அவன் கைக்கு எட்டவிடாதே. போட்டோவும் எடுக்க விடாதே. போல்ட்டை மறுபடி கழற்றிவிடலாம். அந்தப் போட்டோவில் சிப்பி இன்னும் தப்பான பக்கம்தான் நிற்கிறது, கீழே ஸ்டெல்லா பேரோடு.