விசேஷ வேண்டுகோள் ஏதும் உண்டா?

அம்மா இறந்த அன்று நான் அழவில்லை. வேன் புக் பண்ணினேன்.

கல்நெஞ்சுக்காரி என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளலாம். இரண்டு வாரமாக இந்தப் பக்கத்தில் உங்களைக் காணவில்லையே என்று கேட்டவர்களுக்கும் இதுதான் பதில். போன மாதம் ஒரு புதன்கிழமை விடியற்காலை கண்டி ஆஸ்பத்திரியில் அம்மா போய்விட்டார். காலை எட்டு மணிக்கு நான் ஹந்தானை வீதியில் இருக்கிற எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், மகளின் பழைய லெப்டொப்பைத் திறந்து வைத்துக்கொண்டு, கட்டுநாயக்க விமான நிலையத்திலிருந்து கண்டிக்கு ஒரு வேன் தேடிக்கொண்டிருந்தேன்.

தம்பி ரவி மெல்பேர்னில் இருக்கிறான். கொள்ளி வைக்க அவன் வர வேண்டும். வருவதில் பிரச்சினை இல்லை... அம்மா இறந்தது அவனுக்குத் தெரியாது என்பதுதான் பிரச்சினை. தெரியவும் கூடாது. அது மாமாவின் உத்தரவு.

மாமா என்றால் அம்மாவின் ஒரே தம்பி. கல்யாணமோ கருமாதியோ, எங்கள் குடும்பத்தில் கடைசி வார்த்தை அவருடையது.

“அம்மாவுக்குக் கொஞ்சம் சொகமில்ல, ஒன்னயப் பாக்கணுங்கிறாங்க, ஒடனே வான்னு மட்டும் சொல்லு. அவ்ளோதான். பிளேன்ல ஒத்தையில ஒக்காந்து வரணும். புள்ள தாங்குவானா?”

புள்ளைக்கு வயது ஐம்பத்திரண்டு.

சொன்னேன். “சீரியஸா அக்கா?” என்று கேட்டான். “சேச்சே... அதெல்லாம் ஒண்ணுமில்லடா. வந்து ஒரு தடவ பாத்துட்டுப் போயேன்” என்றேன். என் குரல் அவ்வளவு இயல்பாக வந்தது. நானே பயந்து போனேன்.

சாதாரணமாக எங்கள் வீட்டுக்கு வெளிநாட்டிலிருந்து யாராவது வந்தால் என்ன நடக்கும்? உங்கள் வீட்டில் நடப்பதுதான். ஒரு வேன் பிடித்து, சித்தி, பெரியம்மா, பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் எல்லோரும் ஏறி, புளிச்சாதம் கட்டிக்கொண்டு கட்டுநாயக்க போவோம். வந்தவர் உட்கார இடமிருக்காது. அவருடைய பெட்டி யாருடைய மடியிலாவது வரும்.

இந்த முறை யாரும் போகக் கூடாது என்றார் மாமா. “நம்மாளுக யாரு போனாலும் மூஞ்சப் பாத்தே கண்டுபுடிச்சிருவான். வேத்தாளுதான் சரி. நேரா வீட்டுக்கும் கூட்டிக்கிட்டு வர வேணாம். வெள்ளக் கொடி, பந்தல் எல்லாம் கெடக்கு. ஒரு ஹோட்டல்ல எறங்கட்டும். குளிச்சி, வயித்துக்கு ரெண்டு வாய் சாப்புடட்டும். அப்புறம் நான் பக்குவமாச் சொல்லிக்கிறேன்.”

வீட்டில் தண்ணீர்க் குழாய் வேலை நடக்கிறது என்று தம்பிக்கு இன்னொரு பொய் போனது.

ஆக, விமான நிலையத்திலிருந்து வாவிக்கரைக்கு மேலே இருக்கிற ஒரு ஹோட்டலுக்குத் தனி வேன். இணையத்தில் ஒரு படிவம். பயணியின் பெயர்? விமான இலக்கம்? எத்தனை பெட்டி? குழந்தை இருக்கை வேண்டுமா? எல்லாம் நிரப்பினேன். கடைசியில் ஒரு பெரிய கட்டம் — விசேஷ வேண்டுகோள் ஏதும் உண்டா?

கொஞ்ச நேரம் அந்தக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு எழுதினேன்: ‘பயணியின் தாயார் காலமாகிவிட்டார். பயணிக்குத் தெரியாது. தயவுசெய்து சொல்ல வேண்டாம்.’

அரை நிமிடத்தில் பதில் வந்தது. ‘உங்கள் விசேஷ வேண்டுகோளை நிறைவேற்றுவதில் மகிழ்ச்சியடைகிறோம். இனிய விடுமுறை!’ பக்கத்தில் ஒரு தென்னை மரம்.

இதில் ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இதே வேலையை எனக்கும் செய்திருக்கிறார்கள். அப்பா இறந்தபோது நான் ஹட்டனில் படிப்பித்துக்கொண்டிருந்தேன். இதே மாமாதான் வந்தார். “அப்பாவுக்கு லேசா காய்ச்சல், சும்மா வந்து பாத்துட்டுப் போ” என்று கூட்டிக்கொண்டு வந்தார். நாவலப்பிட்டி பஸ் நிலையத்தில் இரண்டு உளுந்து வடை வாங்கிக் கொடுத்தார். நல்ல பசி எனக்கு. இன்னொன்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். அன்றைக்கு அந்த வடை அவ்வளவு ருசியாக இருந்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு கூசும்.

அப்படிப்பட்ட நான் ஏன் மாமாவிடம் முடியாது என்று சொல்லவில்லை? தெரியவில்லை. சாவு வீட்டில் யாராவது ஒருவர் ‘இதைச் செய்’ என்று சொன்னால் போதும், செய்துவிடுகிறோம். யோசிக்கிற வேலை மிச்சம்.

அன்று பகல் முழுக்கப் பொய்யைக் காவல் காக்கிற வேலை. சித்தி மகன் ஒருவன் அம்மாவின் படத்தைப் போட்டு ‘கண்ணீர் அஞ்சலி’ என்று ஃபேஸ்புக்கில் ஏற்றிவிட்டான். பத்து நிமிடத்தில் மாமா அதை அழிக்க வைத்தார். அப்பாவின் கடை இருந்த சந்தைக்காரர்கள், பாவம், அன்பாக ஒரு பெரிய பேனர் அடித்து, பேராதனை வீதியில் கெட்டம்பே பக்கமாகக் கட்டிவிட்டார்கள். அம்மாவின் முகம் ஓர் ஆள் உயரத்துக்கு. கழற்றச் சொல்ல மனம் வரவில்லை. வேன் வேறு பாதையால் வர வேண்டும் என்று முடிவாயிற்று.

மறுநாள், வியாழக்கிழமை. நாலு மணிக்குத் தகனம். மலர்ச்சாலையில் பதப்படுத்தி, அம்மாவைக் கொண்டு வந்து கூடத்தில் வைத்திருந்தோம். காலை ஒன்பதரை இருக்கும், போன் அடித்தது.

“மிஸ், நான் ரிஸ்வான். வேன் டிரைவர். கட்டுநாயக்கால நிக்கிறேன். ஒங்கட ஃபோம்ல ஒண்டு எழுதீக்கிறீங்க... அது மெய்யா?”

“மெய்தான் நானா.” முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் நானா என்றுதான் கூப்பிடுவோம்.

“அவர்ட உம்மா மௌத்தான விஷயம் அவருக்கே தெரியாதா?”

“தெரியாது.”

 “எனக்குப் பொய் செல்ல ஏலா மிஸ். கேட்டா நான் என்ன செல்ற?”

“கேக்க மாட்டான் நானா. நீங்க பேசாம ஓட்டிக்கிட்டு வாங்க. கன்னொருவயால திரும்பி ஹல்லொலுவ பக்கமா வாங்க. கெட்டம்பேயில பேனர் இருக்கு.”

பெரிய பெருமூச்சு ஒன்று கேட்டது. “சரி மிஸ்” என்றார்.

தம்பி பேசாமல் வருகிற ஆளா? சின்ன வயதிலிருந்தே வாயாடி. அதை நான் மறந்துவிட்டேன்.

பதினொரு மணிக்கு அடுத்த போன். ரிஸ்வான் நானா கிசுகிசுக்கிறார். “மிஸ், கஜுகமயில நிப்பாட்டச் சென்னாரு. எறங்கிப் போயீக்கிறாரு. உம்மாக்கு கஜுன்னா உசிராம். வறுத்தது, பச்சை, ரெண்டுலயும் வாங்குறாரு... வேணாம்னு நான் எப்பிடிச் செல்ற?”

அம்மாவுக்கு முந்திரிப் பருப்பு வாங்குகிறான் தம்பி. கூடத்தில் அம்மாவின் காலடியில் யாரோ புதிதாகச் சாம்பிராணி போட்டார்கள்.

வரக்காப்பொலயில் மறுபடி நின்றார்களாம், எள்ளுருண்டைக்கு. ‘அம்மாவுக்குச் சீனி வருத்தம், ஆனா ஒண்ணே ஒண்ணு குடுத்தா பரவாயில்ல’ என்று தம்பி சொன்னானாம். இதைச் சொல்லிவிட்டு நானா, “மிஸ், நீங்களே செல்லிருங்களேன்... போன அவருக்கிட்ட குடுக்கவா?” என்று கேட்டார். கிட்டத்தட்டக் கெஞ்சினார்.

எனக்குச் சொல்லிவிடலாம் என்றிருந்தது. சத்தியமாக இருந்தது. மாமா கையால் வேண்டாம் என்று காட்டினார். “வேணாம் நானா” என்றேன்.

கடுகண்ணாவ ஏற்றத்தில் தம்பியே டிரைவரின் போனை வாங்கிவிட்டான்.

“அக்கா! மலை ஏறிட்டோம். குளிருது. அம்மா முழிச்சிருக்காங்களா? காதுல போன வையி. ரெண்டு வார்த்த பேசிக்கிறேன்.”

நான் அம்மாவின் தலைமாட்டில் நின்றுகொண்டிருந்தேன். பெட்டியின் விளிம்பில் என் கை இருந்தது.

“தூங்கறாங்கடா. இப்பத்தான் கண்ணசந்தாங்க. எழுப்ப வேணாம்.”

“சரி சரி, எழுப்பாத. நேர்லயே வந்து எழுப்புறேன்” என்று சிரித்தான்.

எத்தனையோ பொய் சொல்லியிருக்கிறேன். இதைப் போல ஒன்றைச் சொன்னதில்லை. போனை வைத்தேன். மாமா என் தலையைத் தடவி, “கெட்டிக்காரி” என்றார். அவருடைய கண்ணும் சிவந்துதான் இருந்தது. கெட்டவரில்லை மாமா. அதுதான் கோபப்படவும் விடவில்லை.

ஒன்றரைக்கு நானும் மாமாவும் ஹோட்டலுக்குப் போனோம். வரவேற்பறையில் உட்கார்ந்து மாமா ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார். அறை ரெடி. சாப்பாடு சொல்லியாயிற்று. ஃபேஸ்புக் அழித்தாயிற்று. பேனர் பாதை மாற்றியாயிற்று. “ஒண்ணும் விட்டுப் போகல” என்றார்.

இரண்டு மணிக்கு வேன் வந்தது. கண்டிச் சேலை, ஒசரி கட்டிய ஒரு பிள்ளை வாசலில் ஓர்க்கிட் மாலை போட்டு, ஈரத் துண்டு கொடுத்து, கையில் அன்னாசிச் சாறும் கொடுத்தது. புக்கிங்கோடு அதெல்லாம் இலவசமாம். தம்பி ஒரு கையில் கஜு பையும் மறு கையில் கிளாசுமாக, கழுத்தில் மாலையோடு, சிரித்துக்கொண்டே உள்ளே வந்தான்.

எங்களைப் பார்த்தான்.

அப்படியே நின்றான். அவன் கண் என் சேலையில் இருந்தது. பிறகு மாமாவின் வேட்டிக்குப் போனது, சட்டைக்குப் போனது. மறுபடி என் சேலைக்கு வந்தது.

வெள்ளை.

சாவு வீட்டில் எல்லோரும் வெள்ளையில் இருந்ததால் யாருக்கும் கண்ணில் படவில்லை. ஃபேஸ்புக்கை யோசித்த நாங்கள், பேனரை யோசித்த நாங்கள், உடுத்தியிருந்ததை யோசிக்கவில்லை. வெள்ளைச் சேலையும் வெள்ளை வேட்டியுமாக, வாய்க்குள் பொய்யை வைத்துக்கொண்டு போய் உட்கார்ந்திருந்தோம்.

“எப்ப?” என்று கேட்டான்.

“மொதல்ல ரெண்டு வாய் சாப்புடுப்பா...” என்றார் மாமா. பாவம், அவருக்கு வேறு வசனம் பாடமில்லை.

“எப்ப அக்கா?”

“நேத்து விடியக்கால.”

கிளாசை மெதுவாக மேசையில் வைத்தான். திரும்பினான். பின்னால் ரிஸ்வான் நானா பெட்டியோடு நின்றார். நரைத்த தாடி, என் வயதிருக்கும்.

“நானா, ஒங்களுக்குத் தெரியுமா?”

அவர் பெட்டியைக் கீழே வைத்தார். “தெரியும் சேர். மன்னிச்சிக்கோங்க” என்றார். அதற்கு மேல் நிற்க முடியாமல் வாசற்படியில் போய் உட்கார்ந்து, தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

தம்பி கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். “வழி நெடுக இவருகிட்ட அம்மாவப் பத்தித்தான் பேசிக்கிட்டு வந்தேன் அக்கா. அம்மா என்னய அடிச்சது, கஜுவ ஒளிச்சி வச்சித் தின்னது எல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரிச்சேன். எங்கம்மா இல்லங்கிறது வேன் ஓட்டுற மனுஷனுக்குத் தெரியும். எனக்குத் தெரியாது.”

கழுத்திலிருந்த மாலையைக் கழற்ற மறந்திருந்தான். நான்தான் போய்க் கழற்றினேன். என் கை பட்டதும் ஓர் அடி பின்னால் நகர்ந்தான். இரண்டு வாரமாக என் நெஞ்சில் கிடந்து குத்துவது அந்த ஓர் அடிதான்.

நாலரைக்கு மஹியாவை மயானத்தில் எல்லாம் முடிந்தது. ரிஸ்வான் நானாவின் வேலை ஹோட்டல் வாசலோடு தீர்ந்திருந்தது. ஆனால் அவர் போகவில்லை. தம்பியை வீட்டுக்குக் கொண்டு வந்து, மயானத்துக்கும் கொண்டு வந்து, கேட்டுக்கு வெளியே தலையைக் குனிந்து நின்றார். தம்பி அன்று பேசியது அவரிடம் மட்டும்தான்.

கஜு பை ஹோட்டல் மேசையிலேயே தங்கிவிட்டது. மறுநாள் போன் பண்ணி, ‘கெஸ்ட் ஒரு பார்சலை விட்டுப் போயிருக்கிறார்’ என்றார்கள். இதுவரை யாரும் எடுக்கப் போகவில்லை.

யாரைக் காப்பாற்றினோம் நாங்கள்? தம்பியையா? அவன் துக்கத்தில் ஒரு முழு நாளைத் திருடி, அந்த நேரத்தில் அவனைச் சிரிக்கவும் வைத்தோம். இனி எள்ளுருண்டையைப் பார்க்கும்போதெல்லாம் அவனுக்கு உடம்பு கூசும். எனக்கு வடை மாதிரி. உண்மையில் நாங்கள் காப்பாற்றியது எங்களைத்தான். அவன் அழுகையைப் போனில் தனியாகக் கேட்கிற தைரியம் ஒருவருக்கும் இல்லை. அதற்குப் பெயர் பாசமாம்.

எட்டாம் நாள் காரியம் முடிந்ததும் தம்பி கிளம்பினான். வேன் அவனே புக் பண்ணிக்கொண்டான். ரிஸ்வான் நானாதான். வழியனுப்ப யாரும் வர வேண்டாம் என்றான்... யாரும் போகவில்லை.

போன வாரம் அந்தக் கம்பெனியிலிருந்து ஒரு மின்னஞ்சல். அதே தென்னை மரம். ‘உங்கள் விசேஷ வேண்டுகோள் நிறைவேற்றப்பட்டதா? எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்?’ நியாயமாக ஐந்தும் கொடுக்க வேண்டும். சொன்னதைச் சொன்னபடி செய்தவர்கள் அவர்கள் மட்டும்தானே. அன்றைக்கு வராத அழுகை அந்தக் கேள்வியின் முன்னால்தான் வந்தது.

என் மகள் டுபாயில் இருக்கிறாள். இதை வாசிக்கிற சொந்தக்காரர்களுக்கு என்னிடமும் ஒரு விசேஷ வேண்டுகோள் உண்டு — எனக்கு ஒன்று ஆனால், முதலில் அவளுக்குச் சொல்லுங்கள். வேனை அப்புறம் புக் பண்ணலாம்.