காந்தா கற்ற மொழி

காந்தாவுக்கு இரண்டு மகள்கள். மூத்தவள் சத்யப்ரியாவோடு பேச வேண்டுமென்றால் இளையவள் அஞ்சலி பக்கத்தில் இருக்க வேண்டும். செம்பாக்கத்தில் அந்த வீட்டில் வருஷக்கணக்காக இப்படித்தான் நடந்துவந்தது.

சத்யப்ரியாவுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. ஐந்து வயதில் அவளைப் பட்டணத்துக்குள் இருந்த காதுகேளாதோர் பள்ளி ஒன்றின் விடுதியில் சேர்த்தார்கள். அங்கே மற்றப் பிள்ளைகளைப் பார்த்துச் சைகை மொழி கற்றாள். லீவுக்கு வரும்போதெல்லாம் தங்கைக்குச் சொல்லிக்கொடுத்தாள். அஞ்சலிக்கு வாய்ப்பேச்சு வந்த வயதிலேயே சைகையும் வந்துவிட்டது. பள்ளியில் கற்றது போதாதென்று இருவரும் தங்களுக்கென்றே சில சைகைகளை உண்டாக்கியும் வைத்திருந்தார்கள். எதிர் வீட்டுக்காரரைக் குறிக்க மூக்கின் மேல் விரல் வைப்பார்கள். ஏன் என்று இருவருக்கு மட்டும்தான் தெரியும்.

காந்தாவுக்குத் தெரிந்த சைகைகள் சாப்பிடு, தூங்கு, வா, போ என்கிற அளவில் நின்றுவிட்டன. கணவர் எத்திராஜ் சீக்கிரமே இறந்துபோனார். சேலையூரில் ஒரு நர்சரிப் பள்ளியில் ஆயா வேலை பார்த்துக்கொண்டு வீட்டைத் தனியாக நடத்தினாள். மூத்தவளிடம் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் இளையவளைக் கூப்பிட்டால் போதும். அதில் ஒரு குறை இருப்பதாக அவளுக்குத் தோன்றியதே இல்லை.

இரண்டாயிரத்து நாலில் அஞ்சலிக்குக் கல்யாணமாயிற்று. மாப்பிள்ளை தனசேகருக்குச் சிங்கப்பூரில் கப்பல் பழுதுபார்க்கும் இடத்தில் வேலை. அவள் விமானம் ஏறிய பிறகுதான் வீட்டில் மிச்சமிருந்த இரண்டு பேருக்கும் பேச வழியில்லை என்பது தெரிந்தது. சத்யப்ரியா காலையில் கம்பெனி பஸ் பிடித்து மறைமலை நகருக்குப் போவாள். அங்கே ஒரு தொழிற்சாலையில் கார்களுக்கான ஒயர்களைக் கட்டும் வேலை. சாயங்காலம் திரும்பி வருவாள். காந்தா தட்டை வைத்துச் சாப்பிடச் சொல்லிக் கைகாட்டுவாள். அதோடு அன்றைய பேச்சு முடிந்தது.

அஞ்சலி போன் செய்தால் காந்தா அரை மணி நேரம் பேசுவாள். சத்யப்ரியா அருகில் நின்று அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். முகம் சிரிக்கும், சுருங்கும், மறுபடி சிரிக்கும். போனை வைத்ததும் காந்தா அவளைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்துவாள். அந்த அரை மணி நேரத்தில் சத்யப்ரியாவுக்குக் கிடைத்தது அந்தக் கட்டைவிரல் மட்டும்தான். செல்போனில் குறுஞ்செய்தி அனுப்பலாம். ஆனால் சத்யப்ரியாவுக்குத் தெரிந்த நாலைந்து ஆங்கில வார்த்தைகளில் நலமா, நலம் என்பதைத் தாண்டி எழுத வரவில்லை.

மறு வருஷம் அஞ்சலி வீட்டில் கம்ப்யூட்டரும் கேமராவும் வந்தன. கேம்ப் ரோட்டில் ஏதாவது பிரவுசிங் சென்டருக்குப் போங்கள், முகம் பார்த்துப் பேசலாம் என்று அம்மாவுக்குப் போனில் சொன்னாள். அப்படித்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவும் மகளும் லாசரஸ் நடத்திவந்த சென்டரின் மாடிப்படி ஏறினார்கள். கீழே மருந்துக்கடை, மேலே பிளைவுட் தடுப்புப் போட்ட கேபின்கள். ஒவ்வொன்றிலிருந்தும் “கேக்குதா, கேக்குதா” என்று யாராவது துபாய்க்கும் டல்லாஸுக்கும் கத்திக்கொண்டிருந்தார்கள்.

லாசரஸ் இணைப்புப் போட்டுக் கொடுத்துவிட்டு ஹெட்போனைக் காந்தாவின் காதில் மாட்டிவிட்டார். திரையில் அஞ்சலியின் முகம் வந்தது. காந்தா பேசி முடித்ததும் சத்யப்ரியா நாற்காலியை முன்னால் இழுத்து உட்கார்ந்தாள். ஒரு வருஷத்துப் பேச்சு கையில் தேங்கியிருந்தது. அஞ்சலி கையை உயர்த்தினாள். உடனே கை காணாமல் போயிற்று. முகம் தெளிவாக இருந்தது. கை இருக்க வேண்டிய இடத்தில் புகை மாதிரி ஏதோ கலைந்தது. இவள் பேசியதும் அங்கே அப்படியேதான் தெரிந்திருக்கிறது. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். சிரிப்பு மட்டும் போய்ச் சேர்ந்தது.

வேறு யாராவதாக இருந்தால் அதோடு விட்டிருப்பார்கள். முகம் தெரிகிறது, கை ஏன் தெரியவில்லை என்ற கேள்வி சத்யப்ரியாவை விடவில்லை. அடுத்த வாரம் வேலை முடிந்து தனியாகவே போனாள். அஞ்சலியைக் கூப்பிடாமல், திரையின் மூலையில் தெரிந்த தன் சொந்தப் படத்தைப் பார்த்துக் கையை ஆட்டினாள். கை மறைந்தது. அசைக்காமல் நிறுத்தினாள். கை வந்தது. வேகமாக, மெதுவாக, முகத்துக்கு அருகே, தள்ளி என்று மாற்றி மாற்றிப் பார்த்தாள். எது அசைகிறதோ அது இந்தக் கேமராவுக்குத் தெரியாது, எது நிற்கிறதோ அது தெரியும் என்று புரிந்துகொண்டாள்.

லாசரஸுக்கு வேறு கவலை. கேபினுக்குள் சத்தமே இல்லாமல் ஒரு பெண் இவ்வளவு நேரம் என்ன செய்கிறாள் என்று தடுப்புக்கு மேலே எட்டிப் பார்த்தார். அவள் மூடிய கையைக் கன்னத்தருகே வைத்து, போட்டோவுக்கு நிற்பதுபோல் ஆடாமல் உட்கார்ந்திருந்தாள். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. காந்தா வந்தபோது விசாரித்துத் தெரிந்துகொண்டார். பிறகு, ட்யூப் லைட் நேராக விழுகிற கடைசிக் கேபினை ஞாயிறுதோறும் அவர்களுக்கென்று விட்டுவைத்தார்.

அக்காவும் தங்கையும் பேச்சைப் பிரித்துப் போட்டுத் திரும்பக் கட்டினார்கள். ஒரு சைகை, கொஞ்சம் நிறுத்தம், அடுத்த சைகை. அஞ்சலி பூப்போட்ட நைட்டியில் உட்கார்ந்தால் விரல்கள் பூக்களுக்குள் தொலைந்தன. அதனால் அவள் கறுப்பு டீ-ஷர்ட்டுக்கு மாறினாள். சத்யப்ரியா ஞாயிற்றுக்கிழமையும் கம்பெனியின் கருநீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பினாள். தோளுக்குப் பின்னால் கை போனால் நேற்று, முன்னால் வந்தால் நாளை என்பது அவர்கள் வழக்கம். கேமராவில் முன்னும் பின்னும் ஒன்றாகவே தெரிந்தது. தனசேகர் வேலைக்காக வேறு தீவுக்குப் போய் வந்துவிட்டானா, இனிமேல்தான் போகிறானா என்று இரண்டு வாரம் குழம்பிய பிறகு, பிடரியைத் தொட்டால் நேற்று, நெற்றியைத் தொட்டால் நாளை என்று மாற்றிக்கொண்டார்கள்.

காந்தா இதையெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாள். பிள்ளைகள் விளையாடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள். அவள் ஹெட்போனில் பேசும்போதே அஞ்சலியின் கைகள் அக்காவிடம் எதையோ சொல்லிக்கொண்டிருக்கும். வாய் அம்மாவுக்கு, கை அக்காவுக்கு.

ஆடி மாதத்தில் ஒரு நாள், சிங்கப்பூரில் நல்ல முருங்கைக்காய் கிடைப்பதில்லை என்று அஞ்சலி குறைப்பட்டுக்கொண்டிருந்தாள். அப்போது படம் உறைந்துவிட்டது. குரல் மட்டும் வந்துகொண்டிருந்தது. உறைந்த படத்தில் அஞ்சலி இரண்டு கைகளையும் மார்போடு மடித்து, தொட்டில்போல் வைத்து, தலையைக் குனிந்து அதற்குள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

காந்தா அந்தப் படத்தையே உற்றுப் பார்த்தாள்.

“யாருக்குடி கொழந்த?” என்றாள்.

முருங்கைக்காய்ப் பேச்சு பாதியில் நின்றது. பிறகு, “எப்படிம்மா தெரிஞ்சுது?” என்று மெல்லிய குரலில் கேட்டாள் அஞ்சலி.

“போட்டோ புட்ச்சா மாறி நின்னுகினு கீற. கண்ணு தெரியாதா எனக்கு?”

மூன்று மாதம் முடியட்டும், பிறகு அம்மாவிடம் சொல்லலாம் என்று நினைத்திருந்தாளாம். அக்காவுக்கு மட்டும் போன வாரமே சொல்லியிருக்கிறாள். காந்தாவுக்குச் சந்தோஷத்தில் கோபம் வரவில்லை. வீடு திரும்பும் வழியில்தான் வேறொன்று மனத்தில் குடைய ஆரம்பித்தது. இந்தக் கைகளுக்குள் இவ்வளவு பெரிய செய்தி இருந்திருக்கிறது. அப்படியென்றால் இத்தனை வாரமாக இவர்கள் வேறு என்னென்ன பேசினார்கள்? இத்தனை வருஷமாக?

அன்று வீட்டில் சத்யப்ரியாவின் முன்னால் நின்று, அவள் கைகளையும் தன்னையும் மாற்றி மாற்றிக் காட்டினாள். சொல்லிக்கொடு என்று பொருள். சத்யப்ரியா முதலில் சிரித்தாள். பிறகு முகம் இறுகியது. கைகள் வேகமாக என்னவோ சொல்லின. காந்தாவுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. சத்யப்ரியா உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள்.

அடுத்த ஞாயிறு அக்கா கேமராவில் தன்னிடம் கொட்டியதை, பிறகு வந்த போனில் அஞ்சலி தயங்கித் தயங்கிச் சொன்னாள். “இத்தினி வருஷம் என்கூட பேசணும்னு அம்மாவுக்குத் தோணல. இப்ப உன் சேதிய ஒட்டுக்கேக்கத்தான் கத்துக்கணுமா அப்படின்னு கேக்குறாம்மா.”

யோசித்துப் பார்த்தபோது காந்தாவுக்கு அது உண்மையாகத்தான் பட்டது.

அவள் திரும்பக் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் தன் பேச்சைச் சீக்கிரம் முடித்துக்கொண்டு, ஸ்டூலைப் பின்னால் தள்ளிப் போட்டு உட்கார்ந்தாள். கேமராவுக்காக நிறுத்தி நிறுத்திப் பேசியதால் ஒவ்வொரு சைகையும் திரையில் சற்று நேரம் நின்றது. வீட்டில் அவர்கள் பேசியபோது மின்விசிறி மாதிரி சுழன்ற கைகள், இங்கே ஒவ்வொன்றாக நின்று காட்டின. காந்தா மடிக்குள் தன் விரல்களை அதேபோல் மடக்கிப் பார்த்தாள். வேலை, மாமியார், வயிற்றுக் குமட்டல், பயம், நேற்று, நாளை. தெரியாததை விட்டுவிட்டுத் தெரிந்ததைச் சேர்த்து வைத்தாள்.

நர்சரியில் பிள்ளைகள் தூங்கும் வேளையில் சுவரைப் பார்த்துப் பழகினாள். தூங்காத பிள்ளைகள் அதைக் கற்றுக்கொண்டு தண்ணீருக்கும் பாத்ரூமுக்கும் கையை மடக்கிக் காட்ட ஆரம்பித்தன. டீச்சர் கேட்டபோது, புது விளையாட்டு என்று சொல்லிவைத்தாள். சென்டரின் பெஞ்சில் காத்திருந்தபோது ஒருநாள் லாசரஸ் பார்த்துவிட்டு, பரீட்சை எழுதப் போகிறீர்களா அக்கா என்று கேட்டார். காந்தா வெட்கப்பட்டுக் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

அந்த ஐப்பசியில் மழை கொட்டித் தீர்த்தது. செம்பாக்கம் ஏரி நிரம்பித் தெருவுக்குள் தண்ணீர் வந்தது. கம்பெனி பஸ் வரவில்லை, நர்சரிக்கு லீவு, கேம்ப் ரோட்டில் இன்டர்நெட் லைன் அறுந்துகிடந்தது, போனும் செத்துவிட்டது. கரண்ட் இல்லாத பகலில் இருவரும் வீட்டுக்குள் அடைந்துகிடந்தார்கள்.

காந்தா நாற்காலி ஒன்றை ஜன்னல் வெளிச்சத்துக்கு இழுத்துப் போட்டாள். சத்யப்ரியாவின் தோளைத் தட்டி எதிரே உட்காரவைத்தாள். கையை உயர்த்தினாள்.

நீ என்றாள். நிறுத்தினாள். சின்னப் பெண். நிறுத்தினாள். ஹாஸ்டல். நிறுத்தினாள்.

சத்யப்ரியா முதலில் திகைத்தாள். பிறகு வாய்விட்டுச் சிரித்தாள். அம்மா ஒவ்வொரு சைகைக்கும் சிலைபோல் நின்றுகொண்டிருந்தாள். கேமராவுக்காக நிறுத்துவதையும் அந்த மொழியின் பகுதி என்று நினைத்து அப்படியே கற்றிருக்கிறாள். சத்யப்ரியா அவள் மணிக்கட்டைப் பிடித்து அசைத்துக் காட்டினாள்: நிறுத்த வேண்டாம், நான் சிங்கப்பூரில் இல்லை.

காந்தா இரண்டாவது தடவை தொடர்ச்சியாகச் சொல்லப் பார்த்தாள். விரல்கள் தடுமாறின. ஆனாலும் கேள்வி முழுசாக வந்துவிட்டது. ஹாஸ்டலில் உன்னை விட்ட முதல் நாள், நான் போன பிறகு, நீ என்ன நினைத்தாய்?

சத்யப்ரியாவின் சிரிப்பு அடங்கியது. அந்த நாளைப் பற்றி யாரும் அவளிடம் கேட்டதில்லை. காந்தா அதைக் கேட்க இருபது வருஷத்துக்கு மேலாகப் பயந்திருந்தாள். குழந்தையை வாட்ச்மேன் கையில் கொடுத்துவிட்டு, திரும்பிப் பார்த்தால் மனம் மாறிவிடும் என்று வேகமாக நடந்து போனவள். தன்னை அம்மா தள்ளிவிட்டாள் என்றுதான் பிள்ளை நினைத்திருக்கும், அந்த வெறுப்பு உள்ளே எங்கோ இருக்கும் என்று நம்பியிருந்தாள்.

சத்யப்ரியா அம்மாவுக்குப் புரிகிற வேகத்தில் சொன்னாள். நீ கடைக்குப் போகிறாய் என்று நினைத்தேன். திரும்பி வரவில்லை. வழி தெரியாமல் தொலைந்துவிட்டாய் என்று நினைத்தேன்.

காந்தா புரியவில்லை என்று தலையசைத்தாள். சத்யப்ரியா திரும்பச் சொன்னாள். நான் தொலையவில்லை, நீதான் தொலைந்துபோனாய். ராத்திரி நீ எங்கே படுப்பாய், யார் சோறு போடுவார்கள் என்று அழுதேன். எனக்குக் கட்டில் இருந்தது. உனக்கு இல்லையே என்று அழுதேன். முதல் லீவுக்கு நீ வாசலில் வந்து நின்றபோது, அம்மாவுக்கு வழி கிடைத்துவிட்டது என்று நினைத்தேன்.

காந்தா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பிறகு மகளின் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பேச வேண்டிய கையைப் பிடித்துக்கொண்டால் எப்படிப் பேசுவது என்று சத்யப்ரியா அதை விடுவித்துக்கொண்டாள்.

மழை விடும்வரை பேச்சு நிற்கவில்லை. காந்தாவுக்கு எல்லாம் தெரிய வேண்டியிருந்தது. கனவில் மனிதர்கள் கையால் பேசுவார்களா? அப்பா இறந்த அன்று கூட்டத்தைப் பார்த்து என்ன புரிந்தது? சத்யப்ரியாவிடமும் கேள்விகள் இருந்தன. சமையலறையில் குக்கர் என்ன செய்கிறது, வெளியே இருக்கும் நீ ஏன் ஓடுகிறாய்? ஏரிக்குச் சத்தம் உண்டா? அந்தக் கேள்விக்காகக் காந்தா கதவைத் திறந்து வாசலில் நின்று காதுகொடுத்துக் கேட்டாள். ஏரியின் சத்தம் தனியாகத் தெரியவில்லை, தவளைகள்தான் கேட்டன. அதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல், மகளின் முழங்கையில் விரல்களால் தட்டித் தட்டிக் காட்டினாள். சத்யப்ரியா கண்களை மூடிக்கொண்டு அதைக் கவனித்தாள். இன்னும் கொஞ்சம் தட்டச் சொன்னாள்.

அஞ்சலிக்கு மாசியில் பெண் குழந்தை பிறந்தது. தனசேகரின் அம்மா பெயரைச் சுருக்கி வேதா என்று வைத்தார்கள். அந்தக் கோடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அஞ்சலி குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு கேமரா முன் உட்கார்ந்து, குழந்தைக்கு ராத்திரியில் தூக்கமே இல்லை என்றாள். எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டினால் தூங்கும் என்று வாயாலும் கையாலும் சொன்னாள் காந்தா. இப்போது டாக்டர்கள் எண்ணெய் கூடாது என்கிறார்கள் என்று சத்யப்ரியா மறுத்தாள். காந்தா ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு அவள் பக்கம் திரும்பினாள். உன்னை எப்படி வளர்த்தேன் தெரியுமா என்று அவள் கைகள் ஆரம்பித்தன. சத்யப்ரியாவின் கைகள் குறுக்கே வந்தன. இருவரும் நாற்காலியை ஒருவரை ஒருவர் பார்க்கத் திருப்பிப் போட்டுக்கொண்டார்கள்.

லாசரஸ் நேரமாகிவிட்டது என்று சொல்ல வந்தவர், திரையைப் பார்த்து நின்றார். அதில் அஞ்சலி ஒரு கையைத் தூக்கியபடியே காத்திருந்தாள். பிறகு அந்தக் கையைக் கீழே போட்டு எதையோ தட்டினாள். அரட்டைப் பெட்டியில் ஆங்கில எழுத்தில் தமிழ் வந்து விழுந்தது. லாசரஸ் காந்தாவின் தோளைத் தொட்டு அதைப் படித்துக் காட்டினார்.

“அம்மா, நான் ஒருத்தி இங்க உக்காந்திருக்கேன்.”