பயத்துக்குப் பசி என்று பேர் வைத்தவர்

ஆஸ்பத்திரியின் தரைத்தளத்தில், ரத்தம் எடுக்கும் அறையில் இருபத்திரண்டு வருடமாக வேலை பார்ப்பவருக்கு லேபிள் அக்கா என்று பேர். யார் வைத்தது என்று யாருக்கும் நினைவில்லை. ஊசியைத் தொடும் முன் நோயாளியின் பேர், பிறந்த தேதி, சீட்டு எண் மூன்றையும் அவர் வாயாலேயே சொல்லச் சொல்வார். ரத்தம் டியூபில் ஏறியதும், ஆள் நாற்காலியை விட்டு எழுவதற்குள் லேபிள் ஒட்டியாக வேண்டும். "யாரோட ரத்தமா இருந்தாலும் பாக்க ஒரே சிவப்புதான். யாருதுன்னு சொல்றது இந்தக் காகிதம் மட்டும்தான்" என்பார்.

போன வருடம் ஒரு காலையில் ஒரே பேருள்ள இரண்டு ஆண்கள் அடுத்தடுத்து வந்தார்கள். ஒருவருக்கு அன்றைக்கே ஆபரேஷன். மற்றவர் சர்க்கரை பார்க்க வந்தவர். முதலாமவரின் டியூபில் இரண்டாமவரின் லேபிளை ஒட்டப்போன அக்காவின் கை, ஒரு விரற்கடை இடைவெளியில் நின்றது. சரியான லேபிளை எடுத்து ஒட்டினார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, யாரும் பார்க்கவும் இல்லை. அக்காவும் வீட்டுக்காரரிடம்கூட மூச்சு விடவில்லை.

ஆனால் அன்றிலிருந்து ஒருமுறை பார்த்த லேபிளை மூன்று முறை பார்க்க ஆரம்பித்தார். மூன்று ஐந்தானது. அறைக்கு வெளியே வரிசை வால்போல் நீண்டது. வேலை முடிந்து பஸ் ஏறினால் இரண்டாவது நிறுத்தத்தில் மனசு கேட்காது. இறங்கி, எதிர்ப்பக்க பஸ் பிடித்துத் திரும்பி வந்து டியூப்கள் வைத்த தட்டைப் பார்ப்பார். எல்லாம் சரியாகத்தான் இருக்கும்.

கூட வேலை பார்க்கும் நெட்டையன் பொறுத்துப் பொறுத்துப் பார்த்து ஒருநாள் சொன்னான். "அக்கா, இப்படி முறைச்சு முறைச்சுப் பாத்தா ரத்தம் பயந்துபோய் உறைஞ்சிடும்."

அக்கா சிரித்துவைத்தார். ஆனால் நெஞ்சு படபடவென்று அடிப்பது அதற்குள் வாடிக்கையாகிவிட்டிருந்தது. இதய டாக்டர் எல்லா டெஸ்டையும் எடுத்துப் பார்த்தார். "இதயம் நல்லா இருக்கும்மா. நீங்கதான் அதை ஓவர்டைம் பாக்க வைக்கிறீங்க. செவ்வாயும் வியாழனும் மதியம் பிசியோ ரூம்ல தியான வகுப்பு நடக்குது. அரை மணி நேரம்தான், போய்ப் பாருங்க."

வகுப்பு நடத்தியவர் பிசியோதெரபிஸ்ட். அக்காவைவிடப் பதினைந்து வயது சின்னவர். தைல வாசனை மண்டிய அறையில், பயிற்சிப் பந்துகளை மூலைக்கு உருட்டிவிட்டு ஏழெட்டு நாற்காலிகள் போட்டிருந்தார்.

"மூச்சு வந்து போறதைக் கவனிங்க. நினைப்பு வந்தா விரட்ட வேண்டாம். மனசுக்குள்ள மெதுவா 'நினைப்பு'ன்னு ஒரு பேர் வச்சிட்டு மூச்சுக்குத் திரும்புங்க. அரிச்சா 'அரிப்பு', சத்தம் கேட்டா 'சத்தம்'. அவ்வளவுதான்."

அக்காவுக்கு உள்ளுக்குள் குஷி. பேர் ஒட்டுவதுதானே? அதில் அவரை மிஞ்ச இந்தக் கட்டடத்தில் ஆள் கிடையாது.

கண்ணை மூடினார். முழங்காலில் ஏதோ. அது வலியா, குடைச்சலா? குத்தல் இல்லை. இழுப்பு என்று சொல்லலாமா? குடைச்சல் என்று முடிவெடுப்பதற்குள் அது போய்விட்டிருந்தது. அதற்குள் மூக்கு நுனி அரித்தது. அரிப்பா, குறுகுறுப்பா? நடுவில் நெட்டையன் தனியாகச் சமாளிக்கிறானா என்ற யோசனை. அது நினைப்பா, கவலையா? வெளியே ஸ்ட்ரெச்சர் உருண்டது. சத்தம். அதைக் கேட்டதும் யாரோ என்னமோ என்று ஒரு பதைப்பு. அதற்கு என்ன பேர்? பத்தாவது நிமிடத்தில் அக்காவுக்கு வியர்த்துவிட்டது. மூச்சு எந்தப் பக்கம் போனது என்றே தெரியவில்லை.

அவர் விடுகிற ஆள் இல்லை. ஒரு நோட்டு வாங்கினார். வலி, குடைச்சல், கடுப்பு, எரிச்சல், கோபம், ஆற்றாமை என்று நாற்பத்து மூன்று பேர்களைப் பத்தி பிரித்து எழுதினார். சாப்பாட்டு நேரத்தில் வீட்டுக்காரரை நிறுத்தி, "ஏங்க, எரிச்சலுக்கும் கடுப்புக்கும் என்ன வித்தியாசம்?" என்று கேட்டார்.

வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். இருபது மாடிக் கட்டடங்களுக்கு லிஃப்ட் ஓட வைத்துவிட்டு, தன் வீட்டுக்கு மூன்று மாடி படியேறி வருகிறவர். "நீ இப்படிக் கேட்டுக்கிட்டே இருந்தா எரிச்சல். நான் பதில் சொல்லி, அதையும் நீ எழுதிக்கிட்டா கடுப்பு" என்றார். பிறகு நோட்டை வாங்கிப் புரட்டினார். "லிஃப்ட்ல ஏறுற ஒவ்வொருத்தரையும் நிறுத்தி, நீ யாரு, எந்த ஊரு, யாரு வீட்டுக்குப் போறேன்னு விசாரிச்சா அது எப்பம்மா மேல போகும்? ஆள் ஏறினாரு. அது தெரிஞ்சா போதாதா?"

 அக்கா வியாழக்கிழமை நோட்டை வீட்டில் வைத்துவிட்டுப் போனார். வகுப்பில் பிசியோவிடம் விஷயத்தைச் சொன்னபோது அவர், "மூணே பேர் போதும் அக்கா. நினைப்பு, உடம்பு, சத்தம். எதுலயும் சேரலைன்னா 'ஏதோ ஒண்ணு'" என்றார்.

நாற்பத்து மூன்றை மூன்றாக்கியதும் மூச்சுக்கு இடம் கிடைத்தது. அடுத்த தொல்லை வேறு மாதிரி. நினைப்பு. சரி, மூச்சு. மறுபடி நினைப்பு. மறுபடியுமா? ஐந்தாவது தடவை அக்கா உள்ளுக்குள் கத்திக்கொண்டிருந்தார். வகுப்பு முடிந்ததும் பிசியோ பக்கத்தில் வந்தார்.

"தாடையை அப்படிக் கடிச்சிட்டு உக்காந்திருந்தீங்களே அக்கா. பேரை எந்தக் குரல்ல சொல்றீங்க?"

அக்கா யோசித்துப் பார்த்தார். "வரிசையைத் தாண்டி உள்ள வர்றவங்களைத் திட்டுவேனே, அந்தக் குரல்தான் தம்பி."

"வேற குரல் ஏதாவது வச்சிருக்கீங்களா?"

இருந்தது. ஊசியைக் கண்டு மிரளும் குழந்தைகளுக்காக அக்கா வைத்திருக்கும் குரல். அதிகம் குழைய மாட்டார், பொய்யும் சொல்ல மாட்டார். லேசா குத்தும், உடனே முடிஞ்சிடும் என்பார், அவ்வளவுதான். அந்தக் குரலில் 'நினைப்பு' என்று சொல்லிப் பார்த்தார். நினைப்பு வருவது குறையவில்லை. வந்தால் வந்தது, போனால் போனது என்றிருந்தது. ஒரு மாதத்தில் வீட்டிலும், சமையலறை நாற்காலியில், காலையில் பத்து நிமிடம் உட்காரப் பழகிக்கொண்டார்.

ஒன்று மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது. தப்பான பேர் வைத்துவிட்டால்? ரத்தப் பரிசோதனையில் தப்பான லேபிள் ஆளைக் கொல்லும். இருபத்திரண்டு வருடமாக ரத்தத்தில் ஊறிய பாடம் அது. கண்ணை மூடி உட்கார்ந்தால் மட்டும் அதை எப்படி மறப்பது?

அதற்குப் பதில் வயிற்றிலிருந்து வந்தது. தினமும் காலையில் உட்காரும்போது வயிற்றில் ஒரு பிடிப்பு. அந்த மூன்று பேருக்கு வெளியே, இதற்கு மட்டும் 'பசி' என்று தனிப் பேர் வைத்துவந்தார். ஒருநாள் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தார். அப்போதும் அதே பிடிப்பு. பழக்க தோஷத்தில் 'பசி' என்றார். அது அசையவில்லை. இரண்டு இட்லி போக மூன்றாவதையும் போட்டுச் சாப்பிட்ட வயிற்றுக்கு என்ன பசி? அக்கா பேர் வைப்பதை விட்டுவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிடிப்பு மெல்ல மேலேறி நெஞ்சுக்கு வந்து படபடத்தது. ஓ, நீயா. 'பயம்' என்றார்.

மூன்று வாரமாகப் பயத்துக்குப் பசி என்று லேபிள் ஒட்டியிருக்கிறார். யாரும் சாகவில்லை. தப்பான பேர் தானாகவே உதிர்ந்து, சரியானது வந்து ஒட்டிக்கொண்டது. சமையலறையில் தனியாக உட்கார்ந்து அக்கா வாய்விட்டுச் சிரித்தார். பல் துலக்கிக்கொண்டிருந்த வீட்டுக்காரர் நுரையோடு எட்டிப் பார்த்தார்.

"ஒண்ணுமில்லங்க" என்றவர், ஒரு நிமிடம் கழித்து, "ஒண்ணு இருக்கு, உக்காருங்க" என்றார். ஒரே பேருள்ள அந்த இரண்டு பேரின் கதையை அன்றைக்குத்தான் முதல்முதலாக வாய் திறந்து சொன்னார். அவர் கேட்டுக்கொண்டார். பிரஷ்ஷைக் கையிலேயே பிடித்தபடி, "கை நின்னுச்சுல்ல. அதுதான் உன் கை" என்றார்.

சோதனை ஒரு திங்கட்கிழமை வந்தது. வாசல்வரை கூட்டம். நெட்டையன் வார்டுக்குப் போயிருந்தான். லாரி ஓட்டுநர் ஒருவருக்கு ரத்தம் எடுத்த நேரத்தில், அறையின் அந்தக் கோடியில் இருந்த லேபிள் பிரிண்டரில் காகிதம் சிக்கிக்கொண்டது. டியூபைத் தட்டில் வைத்துவிட்டு அக்கா அதைச் சரிசெய்யப் போனார். அதற்குள் போன் அடித்தது. ஓட்டுநர் பஞ்சை அழுத்திக்கொண்டு எழுந்து போய்விட்டார். திரும்பி வந்து பார்த்தால் தட்டில் லேபிள் இல்லாமல் ஒரு டியூப்.

நெஞ்சு எகிறியது. அது ஓட்டுநருடையது என்று அக்காவுக்கு உறுதியாகத் தெரியும். அப்போதுதான் வந்த லேபிளும் கையில் இருக்கிறது. ஒட்டிவிட்டால் முடிந்தது.

'பயம்' என்றார், குழந்தைகளின் குரலில். உள்ளங்கால் தரையில் பட்டுக்கொண்டிருப்பது தெரிந்தது. 'உடம்பு.' ஒரு மூச்சு முழுதாக வந்து போனது. பயம் போகவில்லை. ஆனால் அது பக்கத்தில் நிற்க, செய்ய வேண்டியது தெளிவாகத் தெரிந்தது. லேபிள் இல்லாத டியூபுக்கு விதி ஒன்றுதான். அதைக் கழிவுப் பெட்டியில் போட்டுவிட்டு வெளித் தாழ்வாரத்துக்குப் போனார்.

ஓட்டுநர் வாசலை நெருங்கிக்கொண்டிருந்தார். "ஐயா, நில்லுங்க. உங்க டியூப்ல பேர் ஒட்டாம விட்டுட்டேன். என் தப்பு. திரும்ப எடுக்கணும்."

"என்னம்மா இது? ஊசின்னாலே எனக்கு ஆகாது. இப்பதான் தைரியம் பண்ணிக் கொடுத்தேன்."

"தெரியும்யா. கண்ணை இறுக்கி மூடிட்டிருந்தீங்க. இன்னொரு கையில எடுக்கிறேன். உங்க ரத்தத்துக்கு உங்க பேர்லதான் ரிசல்ட் வரணும்."

முணுமுணுத்துக்கொண்டே வந்து உட்கார்ந்தார். அக்கா மூன்று கேள்வியும் கேட்டார், எடுத்தார், அவர் முன்னாலேயே ஒட்டினார், ஒருமுறை படித்தார். ஒரே முறை. பிறகு, "அடுத்தவங்க வாங்க" என்றார்.

மாலையில் தவறுகளைப் பதியும் பேரேட்டை எடுத்து, நடந்ததை நான்கு வரியில் எழுதித் தன் பேரைப் போட்டார். இருபத்திரண்டு வருடத்தில் அவர் பேரில் அதுதான் முதல் பதிவு.  பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தது. நேராக வீட்டில் போய் இறங்கினார்.

மறுநாள் மேற்பார்வையாளர் அம்மா பேரேட்டைப் படித்துவிட்டு அறைக்கு வந்தார். நாற்காலிக்கும் பிரிண்டருக்கும் நடுவில் எத்தனை காலடி என்று நடந்து பார்த்தார். ஏழு. "இவ்வளவு நாளா இதை யாரும் சொல்லலையே" என்றார். மதியத்துக்குள் பிரிண்டர் நாற்காலிப் பக்கத்துக்கு வந்துவிட்டது. அந்த வாரக் கடைசியில் பேரேட்டில் இன்னும் இரண்டு பதிவுகள் இருந்தன. இரண்டும் நெட்டையனின் கையெழுத்து. ஒன்று ஆறு மாதத்துக்கு முன் நடந்த தப்பு.

அக்கா இன்னும் வகுப்புக்குப் போகிறார். போன வாரம் வாசல் காவலர் புதிதாக வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். ஐந்து நிமிடத்தில் கண்ணைத் திறந்து அக்காவின் காதில் கிசுகிசுத்தார். "எனக்கு இது சரிப்படாதுக்கா. ஒரு நிமிஷத்துல முப்பது நினைப்பு வருது."

"முப்பதா? எண்ணினீங்களா?"

"எண்ணினேனே."

"அப்ப அதுக்கு 'எண்ணிக்கை'ன்னு பேர் வச்சிடுங்க" என்று சொல்லிவிட்டு அக்கா மறுபடி கண்ணை மூடிக்கொண்டார்.