ஒரு வள்ளத்துக்கு ஒரு படம்

வள்ளங்களில் படம் வரையும் ஸ்டெபிக்கு ஒரே நிபந்தனைதான்: ஒரு வள்ளத்துக்கு வரைந்ததை இன்னொன்றுக்கு வரையமாட்டாள். திரேஸ்புரம் கடற்கரையில் அது எளிதில் எடுபடாது. யாருக்கு மீன் அள்ளுகிறதோ, அவர் வள்ளத்துப் படமே தங்களுக்கும் வேண்டும் என்று நாலு பேர் வந்து நிற்பார்கள்.

மீனவர் ரோச்சின் வள்ளத்து முகப்பில் அவள் வரைந்த சீலா மீன் ஒரு கண்ணைச் சிமிட்டிச் சிரிக்கும். ரோச்சுக்கு வலை நிறைந்த மறுநாளே இன்னொரு வள்ளக்காரர் ஃபிராங்க்ளின் வந்துவிட்டார்.

"ஏளா, அந்தக் கண்ணடிக்கிற சீலாவ எனக்கும் போட்டுத் தா."

"அது ரோச் அண்ணனுக்கு வரைஞ்சது. ஒங்களுக்கு வேற வரையுதேன்."

"வேறயா? பெரிய ஓவியருன்னு நெனப்பு!"

கோபத்தில் அவர் வள்ளத்தை வெறும் முகப்போடே விட்டார். அவளைப் பார்க்கும்போதெல்லாம், "ஓவியரு வாரா, வழி விடுங்கலே" என்று கிண்டல் வேறு.

ஒருநாள் மளிகைக் கடையில் மீன் மசாலா பாக்கெட்டிலிருந்து அதே சீலா அவளைப் பார்த்துக் கண்ணடித்தது. கம்பெனி மேனேஜரைப் போனில் பிடித்தாள்.

"எல்லா போட்லயும் காலங்காலமா இருக்கிற படம்மா அது. யாருக்கும் சொந்தமில்ல."

ஸ்டெபி நேரே வக்கீல் சரண்யாதேவியிடம் போனாள். அவர் பூசி மெழுகவில்லை.

"ரோச் காசு குடுத்து வரையச் சொன்னதால, படத்தோட உரிமை அவருக்குன்னு ஆகலாம். ஆனா வரைஞ்சவ நான்னு பேர் கேக்குத உரிமை ஒனக்குத்தான். அதுக்குப் பதிவுகூட வேண்டாம். எல்லா வள்ளத்துலயும் இருக்குன்னு அவன் சொல்லுதாம்லா, அதைத்தான் ஒடைக்கணும்."

"பேரு போதும் மேடம்."

நோட்டீஸ் போனதும் மேனேஜரே கடற்கரைக்கு வந்தார், வேறொரு வள்ளத்திலும் அதே சீலா இருப்பதைப் படம்பிடித்து அவள் வாயை அடைக்க. வள்ளத்துக்கு ஒன்றாக ஆமை இருந்தது, மயில் இருந்தது, கடற்குதிரை இருந்தது. கடைசியில் நின்றது ஃபிராங்க்ளினின் வெறும் வள்ளம்.

"அண்ணாச்சி, அந்தக் கண்ணடிக்கிற மீன் இங்க எல்லாரும் போடுறதுதானே?"

பக்கத்து வள்ளத்தில் வரைந்துகொண்டிருந்த ஸ்டெபி திரும்பினாள். 'ஆமா' என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், எல்லாம் போச்சு.

"யாரு போடுதா? கால்ல விழாத குறையா நான் கேட்டேன், தரமாட்டேங்கா. எனக்கே கெடைக்காதது ஒமக்கு மட்டும் எப்படிவே பொதுவாகும்?"

மேனேஜர் போனைப் பைக்குள் போட்டார். அடுத்து அச்சான பாக்கெட்டில் மீனுக்குக் கீழே, 'படம்: ஸ்டெபி, திரேஸ்புரம்' என்று இருந்தது. ஒன்றை வாங்கிக்கொண்டு ஃபிராங்க்ளின் வந்தார்.

"சாட்சி சொன்னேம்லா, இப்பவாவது அந்தச் சீலாவ வரைஞ்சு தா."

"அது மட்டும் கெடையாதுண்ணே. வள்ளத்தக் கழுவி வைங்க, வாரேன்."

இப்போது ஃபிராங்க்ளின் வள்ளத்து முகப்பில் ஒரு பாறை மீன் இருக்கிறது. வாயைப் பிளந்து யாரிடமோ வாதாடிக்கொண்டிருக்கிறது. அதே மீன் தனக்கும் வேண்டும் என்று அடுத்த ஆளும் வந்துவிட்டார்.