பெரியப்பாவின் தறிக் கொட்டகை

ஒன்பது வருட சாஃப்ட்வேர் வேலையை விட்டுவிட்டு, சூழலுக்கேற்ற கட்டட வடிவமைப்பு படித்து ஆரணிக்குத் திரும்பியவள் நான். இன்று என் முதல் வாடிக்கையாளரை இழந்தேன்.

பெரியப்பா புதிதாக விசைத்தறிக் கொட்டகை கட்டப்போகிறார். தகரக் கூரை, பெயருக்கு இரண்டு ஜன்னல். பன்னிரண்டு பேர் நாள் முழுக்க உள்ளே நிற்க வேண்டும். சூடு மேல்வழியாக வெளியேறும்படி கூரையை மாற்றி, வடக்கே பெரிய ஜன்னல்கள் வைத்து வரைந்து எடுத்துப் போனேன்.

அவர் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. பக்கத்தில் நின்ற கட்டட மேஸ்திரியிடம் சொன்னார்: "நல்ல வேலைய உட்டுட்டு, ஜன்னல் வெக்கறதுக்குப் படிச்சிகினு வந்துகிறா."

மேஸ்திரி சிரித்தார்.

"உள்ள வேலை செய்றவங்க வெந்துடுவாங்க பெரியப்பா."

"பழகிப்பாங்க. சும்மா பேஜார் பண்ணாத."

வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டு வெளியே வந்தேன். பின்னாலேயே வந்தவர் குரலைத் தாழ்த்தினார்.

"பக்கத்துலயே வீடும் கட்டப்போறேன். இப்ப இருக்கற மாடி ரூம்ல வெயில் காலத்துல படுக்கவே முடியல. அதுக்கு வேணா இந்த மாதிரி போட்டுக் குடு."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"ரெண்டுக்கும் சேத்துதான் வரைவேன். இல்லன்னா ரெண்டுக்கும் இல்ல."

"அப்ப கெளம்பு. இனிமே வீட்டுப் பக்கம் வராத."

கிளம்பிவிட்டேன். கொட்டகை தகரத்தோடுதான் எழும்பும், அதுதான் வலிக்கிறது. விஷயம் தெரிந்ததிலிருந்து அம்மா என்னோடு பேசவில்லை.

பெரியவரிடம் கொஞ்சம் பணிந்து போயிருக்கலாமே என்று கீழே கருத்து எழுத நினைப்பவர்கள் தாராளமாக எழுதலாம். மின்விசிறியை மட்டும் நிறுத்திவிட்டு எழுதுங்கள்.